ஹட்டன் – லண்டன்: மொத்தம் எத்தனை மணித்தியாலம்?

கொட்டகலை_பிள்ளை
அம்மா ஜனவரியில லண்டன் போறாங்க. கொழும்பு–லண்டன் 8,700 கிலோமீட்டர்னு காட்டுது. நேரடி விமானத்துக்கு பகல் 1.00 புறப்பாடு, இரவு 7.00 லண்டன் ஹீத்ரோ விமான நிலையம்னு போட்டிருக்கு. அப்ப 6 மணித்தியாலந்தானா? தோஹா வழியா விலை குறைவு, ஆனா தூரம் கூடாதா? ஹட்டன்ல எத்தனை மணிக்கு வேன் எடுக்கணும்?

மேகமலை77
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜனவரியில் நாம் லண்டனுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. அங்கே இரவு 7.00 என்றால் இங்கே நடுச்சாமம் 12.30. பகல் 1.00இலிருந்து எண்ணுங்க, பதினொன்றரை வரும். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரைதான்.

8,700ஐ 900ஆல் வகுத்து ஒன்பதே முக்கால் என்று கணக்குப் போடாதீங்க. 900 என்பது உயரத்தில் பறக்கும் வேகம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, ஹீத்ரோவில் இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் டிக்கெட் நேரத்தில் சேரும். மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கிறது. போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக் காற்று. அதனால் திரும்பும் பயணம் குறுகும்.

பயணி_நுவரெலியா
தோஹா ஏறக்குறைய நேர்வழியிலேயே இருக்கு. கொழும்பு–தோஹா 3,610, தோஹா–லண்டன் 5,240. கூட்டினா 8,850, அதாவது 150 கிலோமீட்டர்தான் அதிகம், பத்து நிமிஷப் பறப்பு. நேரம் போறது தரையில. ஒரு மணித்தியால இடைவெளியில வயசானவங்களை அனுப்பாதீங்க, இரண்டரையிலிருந்து நாலு வரை இருக்கட்டும். வீல்செயாரை டிக்கெட் போடும்போதே கேளுங்க, காசு இல்லை. முக்கியமா ரெண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர்-ல (டிக்கெட் பதிவு இலக்கம்) இருக்கணும். முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறினா விமானக் கம்பனியே வேற விமானத்துல ஏத்தும். தனித்தனியா வாங்கினா ரெண்டாவது டிக்கெட் காசு போச்சு.

கினிகத்தேனை_ரோட்
1.00 மணி விமானத்துக்கு 10.00க்கு கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிற்கணும். ஹட்டனில் விடிய 4.00க்கு வேன் எடுங்க. கித்துல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை, ஹன்வெல்ல வழியா கடுவெலயில் அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டியவில் கட்டுநாயக்க பாதைக்கு மாறணும். கொழும்புக்குள்ளே போகவே வேணாம். 140 கிலோமீட்டர் அளவுக்கு நாலரை மணித்தியாலம் வைங்க, மிச்சம் கையிருப்பு. (அதே நேரத்தில் விமானம் தோஹாவுக்கே கிட்டப் போயிடும்!) வட்டவளையிலிருந்து கினிகத்தேனை இறக்கம் வரை விடியப் பனிமூட்டம், லொறிக்குப் பின்னால் ஊரத்தான் முடியும். தென்மேல் பருவமழைக் காலம்னா மண்சரிவு பயத்துக்கு முதல் நாளே கீழே இறங்கி நிற்பது நல்லது.

ஹட்டன் வாசலிலிருந்து ஹீத்ரோவில் வெளியே வரும்வரை, நேரடியா போனாலும், 22 மணித்தியாலம்.

கொட்டகலை_பிள்ளை
தோஹான்னா பெட்டியை அங்க எடுக்கணுமா?

பயணி_நுவரெலியா
ஒரே பி.என்.ஆர்-னா வேணாம். கட்டுநாயக்க கவுன்டர்ல பெட்டியில ஒட்டுற பட்டியைப் பாருங்க, எல்.எச்.ஆர் (ஹீத்ரோவின் குறியீடு) என்று பெருசா இருக்கணும். டி.ஓ.எச் (தோஹா) மட்டும் இருந்தா பெட்டி உள்ளே போகுமுன்னே சொல்லி மாத்திக்கோங்க.