மூன்று மாத அட்வான்ஸ் வரம்பைக் கட்டாயமாக்க முடியாதா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். சென்னையில் மாதம் 18,000 ரூபாய் வாடகைக்கு நான்கு ஆண்டுகள் குடியிருந்தோம். குடிபுகும்போது பத்து மாத வாடகையான 1,80,000 ரூபாயை அட்வான்ஸாகக் கொடுத்திருந்தேன். காலி செய்து இரண்டரை மாதமாகியும், அடுத்த குடித்தனக்காரர் வந்தால்தான் பணம் தர முடியும் என்றும், அதிலும் பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதாகவும் உரிமையாளர் சொல்கிறார். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருப்பது உண்மையானால், ஊரெங்கும் பத்து மாதம் எப்படி வாங்குகிறார்கள்? எங்களுடையது பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தம்.

மறுமொழி 1:
1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவுதான் நீங்கள் குறிப்பிடுவது. மூன்று மாத வரம்பு அதில் இருக்கிறது. ஆனால் ‘மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி’ என்ற பொருள்படும் சொற்களோடுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது; அதாவது, இரு தரப்பும் அதிகத் தொகைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. பள்ளி திறப்பதற்குள் வீடு கிடைத்தாக வேண்டும் என்று பிள்ளைகளோடு தெருத்தெருவாக அலையும் குடும்பம், நீட்டிய தாளில் கையெழுத்திட மறுக்குமா? அந்தச் சொற்களை நீக்குவதே முதல் திருத்தமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையையே உச்சவரம்பாக வைத்திருக்கிறது. ஆனால் அது மாதிரி மட்டுமே, நம் சட்டமன்றம் ஏற்றால்தான் இங்கே பயன்படும்.

உங்கள் பணத்தைப் பொறுத்தவரை, நியாயமான பாக்கிகளைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. அடுத்தவர் குடிவரும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை.

மறுமொழி 2:
பெயின்ட் செலவு பற்றி உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாத வழக்கத்துக்காக ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேட்டவர்:
அப்படி எதுவும் எழுதவில்லை. பதிவு செய்யாதது எனக்கு எதிராகத் திரும்புமா?

மறுமொழி 3:
சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஓராண்டுக்குக் குறைந்தால் பதிவு வேண்டாம் என்ற பழைய எண்ணத்தில் 11 மாதம் என்று எழுதுகிறோம். புதிய சட்டமோ எந்தக் கால அளவுக்கும் எழுத்துமூல ஒப்பந்தத்தையும், வாடகை அதிகாரியிடம் பதிவையும் கேட்கிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதையே வெளியேற்றுவதற்கான காரணங்களுள் ஒன்றாக 21ஆம் பிரிவு வைத்திருப்பதால், பதிவைத் தட்டிக்கழித்த உரிமையாளருக்கே அது ஆயுதமாகிவிடுகிறது. பதிவுப் பொறுப்பை உரிமையாளர்மீது சுமத்தி, தவறினால் அபராதம் விதிக்க வேண்டும். இப்போதைக்கு, வங்கிவழி கொடுத்த பணத்தின் சான்றுகளைத் திரட்டி, வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பதிவில்லாத நிலையில் எந்த மன்றத்தை அணுகுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.