நொறுங்கிய மனதோடு ஜெபிப்பது எப்படி? முதலில் புலம்பல், பிறகுதான் துதி

மனம் உடைந்து கிடக்கும்போது நேராகத் துதிக்குத் தாவிவிடுகிறோம். அங்கேதான் பிசகுகிறது. வாய் ஸ்தோத்திரம் சொல்லும், நெஞ்சு இறுகியே கிடக்கும். சங்கீதம் 13-ஐ எடுத்துப் பாருங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். 3, 4-ல் விண்ணப்பம். 5, 6-ல்தான் நம்பிக்கையும் பாட்டும் வருகின்றன.

இதே வரிசையில் ஒரு நோட்டில் எழுதி ஜெபியுங்கள். இருபது நிமிடம் இருந்தால் பத்து நிமிடம் புலம்பலுக்கே போகட்டும். "கஷ்டமா இருக்கு ஆண்டவரே" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் அசையாது. யார், என்ன சொன்னார், அதில் எந்த வார்த்தை இன்னும் குத்துகிறது என்று எழுதுங்கள். எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். குரல் உடையும் வரியில் நின்றுகொள்ளுங்கள், காயம் அங்கேதான் இருக்கிறது. பிறகு ஒரே ஒரு விண்ணப்பம். கடைசியில் நம்பிக்கையாக ஒரு வரி. அது வராவிட்டால் இடத்தை வெறுமையாக விடுங்கள், வலிந்து எழுத வேண்டாம். சங்கீதம் 88 நம்பிக்கை அறிக்கையோடு முடிவதில்லை. வேதம் அதையும் ஜெபமாகத்தான் வைத்திருக்கிறது.

—

இதோடு உடம்பையும் சேர்த்துப் பார்க்கணும். 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்துவிட்டார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேப் மலையில், நாற்பது நாளுக்குப் பிறகுதான். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாமையும் இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். சாகத் தோன்றினால் அன்றைக்கே பார்க்கணும். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

—

மன்னிப்பில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். "பரவாயில்லை, ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வது மன்னிப்பு அல்ல. ஆதியாகமம் 50:20, 21-ல் யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைத் தேற்றுகிறார், ஆனால் "தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான். அதற்கு முன் 42 முதல் 44 வரை மூன்று அதிகாரம் அவர்களைச் சோதித்தும் பார்க்கிறார். பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் விடுவது ஒன்று, அந்த ஆளை மறுபடி நம்புவது வேறு. முதலாவதை இன்றே தொடங்கலாம். நினைவு திரும்பும்போதெல்லாம் மறுபடி விடவேண்டியிருக்கும். இரண்டாவது, அவர் மாறியிருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அடிக்கிறவர் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி யாரையும் அனுப்பாதீர்கள்.