பிலிப்பும் எங்கள் வீட்டு மாமாவும்

திரியைத் தொடங்கியவர்:

ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலை நான் முதலில் படித்தது 2014இல், ஹாஸ்டலில். படம் வந்த வருஷம். நடைபாதையில் வாங்கிய நகல் பிரதி, ஆறு பேர் கை மாறி என்னிடம் வந்தது. ஹேசலுக்குப் பதினாறு வயது, அகஸ்டஸுக்குப் பதினேழு. இண்டியானாபொலிஸில் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில், புற்றுநோய் வந்த பிள்ளைகளின் கூட்டத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். காதல், ஆம்ஸ்டர்டாம், சாவு. விடிய விடிய அழுதோம். காலையில் இன்டர்னல் எழுதப் போய்விட்டோம்.

2021இல் அப்பாவுக்குக் கொரோனா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் நுரையீரல் தேறவில்லை. வாடகைக்கு ஆக்சிஜன் மெஷின் எடுத்தோம். ராத்திரி முழுக்க 'புஸ்... டொக்'. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துதான் நாவலை மறுபடி எடுத்தேன். ஹேசலுக்குத் தைராய்டு புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவியிருக்கும். வீட்டு மெஷினுக்கு பிலிப் என்று பேர் வைத்திருப்பாள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். எங்கள் மெஷினின் குறட்டையைக் கேட்டு 'மாமா' என்று பேர் வைத்துவிட்டாள். ஊரில் அவளுடைய தாய்மாமாவும் அப்படித்தானாம்.

இந்த முறை காதல் பக்கங்களை வேகமாகத் தள்ளினேன். நின்றது வேறொரு இடத்தில். ஹேசல் ஐசியூவில் கிடக்கும்போது, "இனிமே நான் அம்மாவா இருக்க மாட்டேனே" என்கிற மாதிரி அவளுடைய தாய் அப்பாவிடம் அழுவது மகள் காதில் விழுந்துவிடும். ஹாஸ்டலில் இதைப் படித்த நினைவே எனக்கு இல்லை.

உங்களுக்கு இந்த நாவல் எங்கே எதிர்ப்பட்டது?

குழந்தைகள் புற்றுநோய் வார்டு செவிலியர்:

அக்கா, எங்க வார்டுல ஒரு பொண்ணு இதை போன்லயே படிச்சா. ஹேசலுக்கு ஒரு மருந்து குடுப்பாங்கல்ல, ஃபாலாங்க்ஸிஃபர்னு, கட்டியை வளரவிடாம நிறுத்தி வைக்கும்னு வருமே, அதை அம்மாகிட்ட சொல்லியிருக்கா. மறுநாள் அந்தம்மா ஒரு துண்டுச் சீட்டுல தமிழ்ல பேரை எழுதிக்கிட்டு வந்து நிக்கறாங்க. "சிஸ்டர், இது இங்க கிடைக்குமா? நகையை வெச்சாவது வாங்கிடறோம்."

அப்படி ஒரு மருந்தே கிடையாது. இருந்தா நல்லா இருக்குமேன்னு நானா உண்டாக்கினதுன்னு எழுத்தாளரே புத்தகக் கடைசியில சொல்லியிருக்கார். அதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிக்கா சொல்றது? "டாக்டர்கிட்ட கேக்கறேம்மா"ன்னு சீட்டை வாங்கி வெச்சுக்கிட்டேன். இன்னும் என் பர்ஸ்லதான் இருக்கு.

அகஸ்டஸுக்கு வர்ற எலும்புப் புற்றுநோய், ஆஸ்டியோசார்கோமா, வளர்ற வயசுலதான் அதிகம் வரும், முட்டிகிட்ட. இப்போ பல பேருக்குக் காலை எடுக்காமலே ஆபரேஷன் பண்றாங்க. காலை எடுத்த ஒரு பையன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். அகஸ்டஸுக்கும் ஒரு கால் போயிடும், செயற்கைக் காலோட கார் ஓட்டுவான்னதும், "பெட்ரோல் யார் போடுவா?"ன்னு கேட்டான்.

பெங்களூரிலிருந்து:

எனக்கு நாவல் பிடிக்கவில்லை, அடிக்க வராதீர்கள். எந்தப் பிள்ளை அப்படி மேடைப் பேச்சு பேசுகிறது? அதிலும் ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்கின் வீட்டில் இருவரும் முத்தமிட, சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவதைப் படித்தபோது புத்தகத்தையே மூடிவிட்டேன்.

பிறகு வேலை விஷயமாக ஆம்ஸ்டர்டாம் போனபோது அந்த வீட்டுக்குப் போனேன். பிரின்சன்கிராக்ட் 263. படிகள் ஏணி மாதிரி செங்குத்து. சிலிண்டரோடு ஒருத்தி இதில் ஏறினாளா என்று பாதியில் நின்றேன். ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்க்கின் பழைய வீடியோ ஒன்று உண்டு. நாஜி முகாம்களிலிருந்து குடும்பத்தில் உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவர்தான். மகளோடு நல்ல நெருக்கம் இருந்தும் டைரியைப் படித்தபோதுதான் அவளைத் தெரிந்ததாகச் சொல்கிறார். பெரும்பாலான பெற்றோருக்குத் தங்கள் பிள்ளைகளைத் தெரியாது என்கிறார். முத்தக் காட்சியில் அந்த வீடியோதான் ஓடிக்கொண்டிருக்கும். கிரீன் தெரிந்துதான் வைத்திருக்கிறார். கைதட்டலை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

கல்லூரி மாணவி:

நான் தலைகீழ். 2020 ஜூலையில், இந்த நாவலை வைத்து எடுத்த இந்திப் படம் 'தில் பேச்சாரா'வை ரஹ்மான் இசைக்காகப் பார்த்தேன். அதன் ஹீரோ சுஷாந்த் இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. எது கதை எது நிஜம் என்று புரியாமல் அழுதேன். நாவல் அப்புறம்தான். நாவலை எஸ்தர் எர்ல் என்ற பெண்ணுக்குக் கிரீன் காணிக்கை ஆக்கியிருக்கிறார். தைராய்டு புற்றுநோயால் 2010இல் பதினாறு வயதில் இறந்தவள். ஆனால் ஹேசல் எஸ்தர் இல்லை என்று கிரீன் பலமுறை சொல்லிவிட்டார், அது எஸ்தர் கதை என்று பரப்பாதீர்கள்.

திரியைத் தொடங்கியவர்:

செவிலியர் தங்கச்சி, அந்தச் சீட்டைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை.

கடைசியில் ஹேசலின் அம்மா, மகளுக்குத் தெரியாமல் சமூகப் பணி படித்துக்கொண்டிருந்தது தெரியவரும். தான் போன பிறகு அம்மாவுக்கு என்ன மிச்சம் என்ற ஹேசலின் பயம் அங்கேதான் இறங்கும். அதை என் அம்மாவிடம் சொன்னபோது, "கெட்டிக்காரி" என்றாள், கீரை ஆய்ந்தபடி.

அப்பா ஐந்து மாதத்தில் தேறிவிட்டார். மெஷினைத் திருப்பிக் கொடுத்த அன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் விளக்கு எரிந்தது. அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன்.

"மாமா இல்லாம தூக்கம் வரலடி. அப்பா மூச்சு விடுறாரான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பார்க்க வேண்டியிருக்கு."