வூட்டு குரூப்: அப்பாவோட சாகா காடி (கார்)

*சுங்கை சிப்புட், மலேசியா, ஞாயிறு காலை 9.14*

அக்கா (கிள்ளான்): அம்மா, டாக்டர் பிரசவத்துக்கு அடுத்த மாசம் 20ன்னு தேதி சொல்லிட்டாரு. 8, 9ஆம் தேதி வாக்குல அங்க வந்துடறேன். ஒன்னே ஒன்னுதான். தீபாவளிக்கு வந்தப்ப ரூம்ல படுக்கவே முடியல. தலகாணியிலகூட ரோக்கோ (சிகரெட்டு) நாத்தம்.

அம்மா: நீ வாம்மா. நான் நல்லா சாம்பிராணி போட்டு வெக்கிறேன்.

அக்கா: சாம்பிராணி போட்டா ரெண்டும் சேந்து அடிக்கும்மா 😅

அப்பா: நான் வீட்டுக்குள்ள ஊதுறதே இல்ல. பின்னால கோழிக்கூண்டு பக்கம்தான்.

நான்: காடியிலப்பா?

அப்பா: 🚫 இந்தத் தகவல் நீக்கப்பட்டது

ஈப்போ சித்தி: அத்தான் நீக்குறதுக்குள்ள நான் படிச்சிட்டேன் 🤣 "ஜன்னல எறக்கிட்டுதான்"

அம்மா: 2019 ஜனவரியில சாப்பாட்டுக் கடையில ஊதக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சுல்ல, அன்னையிலேருந்து தேத்தண்ணிய தாபாவ் (பார்சல்) பண்ணிக்கிட்டு காடியில உக்காந்துதான் ஊதுறாரு. முன்ன கடைக்காரன் மோந்தான். இப்ப நான் மோந்துக்கிட்டு பசார் போறேன்.

ஈப்போ சித்தி: வாசனைக்குப் பாண்டான் இலைய கட்டி பின் சீட்டுல போடுக்கா. டாக்சிக்காரங்க அததான் செய்வாங்க.

ஏர்கோன் மாமா: அது மூடி வெக்கும், எடுக்காதுலா. நாத்தம் காத்துல இல்ல, ஒட்டிக்கிட்டு இருக்கு. கண்ணாடிய உள்பக்கமா வெள்ளத் துணியால தொடச்சிப் பாருங்க, மஞ்சளா வரும். அதே பிசுக்குதான் சீட்டு, கூரைத்துணி, சீட் பெல்ட்டு எல்லாத்துலயும். சீட் பெல்ட்ட யாருமே கழுவ மாட்டாங்க. முழுசா வெளிய இழுத்து சோப்புத் தண்ணியில தொடைங்க.

ஏர்கோன் மாமா: அத்தான் ஏர்கோன்ல உள்காத்த சுத்த விட்டு ஊதியிருப்பாரு. அந்தப் புகை கூலிங் காயில் மேல திரும்பத் திரும்பப் போகும். காயில் எப்பவும் ஈரம், நல்லா ஒட்டிக்கும். ஏர்கோன் போட்டதும் மொத ரெண்டு நிமிஷம் குப்புன்னு அடிக்குதே, அது அங்கேருந்துதான். காயில நான் வந்து கழுவுறேன். பில்டர கழட்டித் தூக்கிப் போட்டுடுங்க, கரி போட்ட புது பில்டர் எடுத்துட்டு வரேன்.

நான்: கூரைத்துணிய பிரஷ் போட்டுத் தேச்சிடவா மாமா?

ஏர்கோன் மாமா: ஐயோ மருமவனே! தண்ணி ஊறுனா பசை விட்டுப் போயி துணி தலையில வந்து தொங்கும். ஈரத் துணியால ஒத்தி எடு, அவ்ளோதான். சீட்டுக்கு ஆப்ப சோடாவ நல்லா தூவி ராத்திரி முழுக்க விடு. காலையில வேக்குவம் போடு. அப்பறம் நாலு கதவையும் தொறந்து வெயில்ல நிறுத்து. ஒரு தடவையில போகாது.

தங்கச்சி (பினாங்கு): வீட்டுக்குச் சூக்கா (வினிகர்)தான் பெஸ்ட். நிக்கோட்டின் காரத் தன்மை, சூக்கா புளிப்பு. ரெண்டும் சேந்தா உப்பா மாறி தண்ணியில கரைஞ்சிடும். தார் எண்ணெய்ப் பிசுக்கு, அதுக்கு சட்டி கழுவுற சோப்பும் சுடுதண்ணியும்.

ஈப்போ சித்தி: சூக்காவோட கொஞ்சம் குளோராக்ஸ் பிளீச் ஊத்துனா இன்னும் நல்லா போகும்ல?

தங்கச்சி (பினாங்கு): சித்தி வேணாம்!!! குளோரின் வாயு வரும். நெஞ்சு அடைச்சிக்கும்.

ஈப்போ சித்தி: அதான் போன வாரம் டாய்லெட் கழுவுறப்ப கண்ணு எரிஞ்சுச்சா. பக்கத்து வீட்டுல வெங்காயம் வதக்குறாங்கன்னு நெனச்சேன் 😳

அப்பா: எதுக்கு இவ்ளோ வேல. டவுன்ல ஒரு கடையில ஓசோன் மெசின் வெச்சிருக்கான். அரை மணி நேரம் காடியில போட்டா போயிடுமாம்.

தங்கச்சி (பினாங்கு): ஓசோன் நுரையீரலுக்கு ஆகாதுப்பா. நிக்கோட்டினோட சேந்து வேற நுண்துகளா மாறும், அதுவும் நல்லதில்ல. ரப்பரையும் வெடிக்க வெச்சிடும். கதவு ரப்பர் என்னாகும்?

அப்பா: பழைய சைக்கிள் டயர் சும்மா கெடந்தே கோடு கோடா வெடிக்குமே, அதுவா?

தங்கச்சி (பினாங்கு): அதேதான். காத்துல இருக்குற துளியூண்டு ஓசோன்தான் அத பண்ணுது. மெசின்ல எவ்ளோ வரும்னு பாத்துக்கோங்க.

அப்பா: ரப்பர் தோட்டத்துல 27 வருசம் பால் வெட்டுனேன். வேல வாங்குன ஒரு தண்டலும் இத சொல்லல. சரி, மெசின் வேணாம்.

அக்கா: நான் காத்து சுத்தம் பண்ற மெசின் வாங்கலாம்னு பாக்குறேன். ஹெப்பா பில்டராம்.

தங்கச்சி (பினாங்கு): ஹெப்பா தூசியப் புடிக்கும், நாத்தம் வாயு. கரி பில்டரும் இருந்தாத்தான் கொஞ்சம் கேக்கும். செவத்துல ஒட்டுனத எந்த மெசினும் எடுக்காது. 2010ல அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க, செவத்துல படிஞ்ச நிக்கோட்டின் வீட்டுக் காத்துல இருக்குற நைட்ரஸ் அமிலத்தோட சேந்து புற்றுநோய்ப் பொருளா மாறுதாம். கேஸ் அடுப்பு எரிஞ்சாலே அந்த அமிலம் வரும். பாப்பா தவழ்ந்து கைய வாயில வெக்கும்.

அம்மா: 😢 தம்பி, வாளிய எடு.

*மாலை 4.52*

நான்: 📷 படம்

ஈப்போ சித்தி: இது என்னா, பால் ஊத்தாத தே ஓவா?

நான்: ஹால்ல ஒரே ஒரு செவத்தக் கழுவுன தண்ணி சித்தி. கீழேருந்து மேல தொடைக்கணும். நான் மேலேருந்து ஆரம்பிச்சேன், ஒழுகி கோடு கோடா நின்னுடுச்சு.

அம்மா: முருகர் படத்துக் கண்ணாடியத் தொடச்சேன். வேல் தங்க நெறம்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன். வெள்ளிடி அது.

ஏர்கோன் மாமா: 😂 ரூம்ல பலகைச் செவுருதானே? கழுவிக் காய வெச்சிட்டு மொதல்ல கறை மூடுற அடிப்பூச்சு அடிங்க. நேரா பெயிண்ட் அடிச்சா ஒரு மாசத்துல மஞ்சள் மேல வந்துடும்.

அக்கா: மெத்தையும் திரைச்சீலையும் வேற வாங்கிடலாம்மா, நான் காசு போடுறேன். அப்பா, கோவிச்சிக்காதீங்க. பின்னால போயி ஊதினாலும் சட்டைய மாத்தி கைய கழுவிட்டுத்தான் பாப்பாவத் தூக்கணும்.

அம்மா: கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) ஊதுறத நிறுத்துறதுக்கு ஆலோசனையும் மருந்தும் தராங்க. பிரஷர் பாக்கப் போனப்ப நர்ஸ் சொன்னாங்க. இவரு காதுல விழாத மாதிரி டிவியப் பாத்தாரு.

அப்பா: செவ்வாக்கெழம பிரஷர் மாத்திர எடுக்கப் போவணும். கேக்குறேன்.

அம்மா: 🙏

அப்பா: ஒன்னு கேக்கணும். மருமவன் மைவி காடியில கண்ணாடிக்கிட்ட மூனு வாசன அட்டை தொங்குதே. எதுக்கு?

அக்கா: 🚫 இந்தத் தகவல் நீக்கப்பட்டது

ஈப்போ சித்தி: படிச்சிட்டேன் 🤣🤣