முதல் வேட்டை வில்: பழைய 70 பவுண்டு வில்லை வாங்கலாமா?

ஏரிக்கரை_மேடிசன்:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் பக்கம் இருக்கிறேன். வயது 34. உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சிறு வயதிலிருந்தே வில்லால் மான் வேட்டையாடுகிறவர். செப்டம்பர் நடுவில் சீசன் தொடங்கும்போது என்னையும் தன் நிலத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். இங்கே 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். அதை முடித்துவிட்டேன். இன்னும் வில்தான் வாங்கவில்லை. நம் ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே கூடாது என்பதால் எங்கள் வீட்டில் இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

தெரிந்தவர் ஒருவர் தன் பழைய காம்பவுண்ட் வில்லை (இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்) 250 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். நாணை இழுக்க 70 பவுண்டு விசை வேண்டும், டிரா லெங்த் (நாணை இழுக்கும் நீளம்) 29.5 அங்குலம். என் உயரம் 5 அடி 6 அங்குலம். வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இழுத்தால் நாண் முழுதாக வருகிறது. "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார். என் பட்ஜெட் மொத்தம் 600 டாலர்.

இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. உள்ளரங்கில் 25 பவுண்டு ரிகர்வ் வில்லை (சக்கரம் இல்லாத, நுனி முன்பக்கம் வளைந்த வில்) வாடகைக்கு எடுத்து மூன்று முறை எய்து பார்த்தேன். பத்து கஜத்தில் எல்லா அம்பும் இலக்குக்கு இடது பக்கம், கிட்டத்தட்ட இரண்டடி தள்ளிப் போய்க் குத்துகின்றன. சிதறவில்லை, ஒரே இடத்தில்தான் கூடுகின்றன. கையின் உட்பக்கம் நாண் அடித்துக் கன்றிப் போயிருக்கிறது.

அந்த வில்லை வாங்கலாமா? அல்லது பேசாமல் கிராஸ்போ (துப்பாக்கி போலப் பிடித்து எய்யும் வில்) வாங்கிவிடலாமா? ஒரு மான் என்னால் காயம்பட்டு, கிடைக்காமல் காட்டுக்குள் போய்ச் சாவதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

பனிக்காடு:

தம்பி, அந்த வில்லை வாங்காதீர்கள். வில் நல்லதா கெட்டதா என்று நான் பார்க்கவே இல்லை. அது உங்கள் உடம்புக்கான வில் இல்லை.

காம்பவுண்ட் வில்லில் நாணை இழுத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சுவரில் முட்டியது போல நின்றுவிடும். அந்த இடத்தில்தான் பாரம் குறைந்து, நீங்கள் நிதானமாகக் குறிபார்க்க முடியும். அது உங்கள் உடம்புக்குச் சரியான இடத்தில் வர வேண்டும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுத்துப் பாருங்கள். வருவதுதான் ஏறக்குறைய உங்கள் டிரா லெங்த். உங்கள் உயரத்துக்கு 29.5 வர வாய்ப்பே இல்லை. அந்த அளவோடு எய்தால் தலை பின்னால் சாயும், கை விறைத்து நீளும், நாண் இன்னும் பலமாகக் கையில் அடிக்கும். சில வில்களில் இந்த அளவை மாற்ற கேமையே (நாண் சுற்றும் சக்கரத்தையே) மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கூட்டினால் 250 டாலர் மலிவாகத் தெரியாது.

அடுத்து பாரம். 70 பவுண்டு என்று எழுதிய வில்லை வழக்கமாக 60 வரைதான் குறைக்க முடியும். வானத்தைப் பார்த்து இழுப்பது இழுப்பதே இல்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை இலக்குக்கு நேராக வைத்தபடியே ஓசையில்லாமல் இழுத்துப் பாருங்கள். அப்படி இழுக்க முடிகிற பாரம்தான் உங்கள் பாரம். நவம்பர் குளிரில் மரத்தின் மேல் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கை மரத்துப் போயிருக்கும்போது, இருபது கஜத்தில் நிற்கிற மான் பார்க்காதபடி இழுக்க வேண்டியிருக்கும். வில்லைத் தூக்கி ஆட்டினால் அந்த மான் அங்கே நிற்காது.

விஸ்கான்சினில் மானுக்குச் சட்டம் கேட்பது 30 பவுண்டுதான். 45, 50 பவுண்டில் கூரான ப்ராட்ஹெட் (வேட்டைக்கான பிளேடு வைத்த அம்பு முனை) போட்டு நுரையீரலில் எய்தால் வெள்ளைவால் மானுக்குத் தாராளமாகப் போதும்.

கல்லணை_ராஜ்:

கிராஸ்போ பற்றி மட்டும் சொல்கிறேன். 2014 முதல் விஸ்கான்சினில் அதற்குத் தனி உரிமமும் தனி சீசனும் உண்டு. தோளில் வலி உள்ளவர்களுக்கும் பயிற்சிக்கு நேரமே இல்லாதவர்களுக்கும் நல்ல வழி. ஆனால் கனம் அதிகம், சத்தம் அதிகம், இரண்டாவது அம்பு போட நேரமெடுக்கும். உங்களுக்கு இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறது, வில்லே கற்றுக்கொள்ளலாம்.

ஏரிக்கரை_மேடிசன்:

ரொம்ப நன்றி அண்ணா. கையை விரித்து அளந்தேன், 67 அங்குலம். வகுத்தால் 26.8 வருகிறது. நாற்காலிச் சோதனையை அந்த வில்லிலேயே செய்து பார்த்தேன், பாதி கூட இழுக்க முடியவில்லை. அந்த வில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அம்பு இடது பக்கம் போவது ஏன் என்று இன்னும் புரியவில்லை. நான் வலது கைக்காரன், நாணை வலது கையால்தான் இழுக்கிறேன்.

மினசோட்டா_அக்கா:

தம்பி, அம்பெல்லாம் ஒரே இடத்தில் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். கை நடுங்கினால் சிதறும். ஒரே இடத்தில் கூடுகிறது என்றால் நீங்கள் சரியாகத்தான் குறி வைக்கிறீர்கள், ஆனால் வேறு கண்ணால் வைக்கிறீர்கள்.

இதைச் செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்துச் சின்னதாக ஒரு முக்கோண ஓட்டை வையுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாகத் தூரத்தில் ஒரு சுவிட்சைப் பாருங்கள். பார்வையை விடாமல் கைகளை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். கை எந்தக் கண்ணுக்கு வருகிறதோ அதுதான் உங்கள் மேலோங்கிய கண்.

உங்களுக்கு இடது கண் என்று நினைக்கிறேன். அம்பின் வால் வலது கண்ணுக்குக் கீழே இருக்கிறது. இடது கண்ணோ அம்பின் நுனியை இலக்கோடு சேர்த்துப் பார்க்கிறது. அப்போது அம்பு வலமிருந்து இடமாகச் சாய்ந்து நிற்கும். பத்து கஜத்தில் இரண்டடி தள்ளிப் போக அந்தச் சாய்வு போதும். எனக்கும் இதே கதைதான். ஒரு கோடைக்காலம் முழுக்க நாண் விடுகிற விதம்தான் தப்பு என்று நினைத்துப் பாடுபட்டேன். யாரும் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

கையில் நாண் அடிப்பது வேறு விஷயம். வில் பிடிக்கும் கையின் முழங்கையை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். கைப்பிடியை இறுகப் பற்ற வேண்டாம், கட்டை விரல் பக்கத்துச் சதையில் தாங்கினால் போதும்.

ஏரிக்கரை_மேடிசன்:

அக்கா, ஐந்து முறை செய்து பார்த்தேன், ஐந்து முறையும் இடது கண்தான்! இப்போது என்ன செய்வது? கையை மாற்ற வேண்டுமா?

மினசோட்டா_அக்கா:

இரண்டு வழி உண்டு. வலது கை வில்லையே வைத்துக்கொண்டு, நாணில் பீப் சைட் (குறிபார்க்கச் சின்ன ஓட்டை உள்ள வளையம்) பொருத்தி, இடது கண்ணை மூடி எய்யலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் விடியற்காலை அரை இருட்டில் இரண்டு கண்ணும் திறந்திருப்பது பெரிய உதவி. நீங்கள் இன்னும் எதையும் பழகவில்லை, மறக்க வேண்டியதும் இல்லை. இடது கை வில் வாங்குங்கள். வலது கையால் பிடித்து இடது கையால் இழுப்பது முதல் இரண்டு வாரம் அந்நியமாக இருக்கும், அப்புறம் தெரியாது.

பனிக்காடு:

அக்கா சொல்வதை அப்படியே கேளுங்கள். 600 டாலரை எப்படிச் செலவழிப்பது என்று நான் சொல்கிறேன்.

நிறைய மாற்றிக்கொள்ளக்கூடிய வில்லாகப் பாருங்கள். டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ 5 முதல் 70 பவுண்டு வரையும், 13 முதல் 31 அங்குலம் வரையும் மாறும். பியர் க்ரூசர் ஜி2 5 முதல் 70 பவுண்டு, 12 முதல் 30 அங்குலம். இரண்டும் இடது கையிலும் வந்தவை. சைட் (குறிபார்க்கும் கருவி), ரெஸ்ட் (அம்பு தாங்கி), குவிவர் (அம்புக்கூடு) எல்லாம் சேர்த்துத்தான் விற்பார்கள். அம்பும் ரிலீஸும் (நாணைப் பிடித்து விடும் கருவி) பெரும்பாலும் அதில் இருக்காது. அவற்றுக்கும் பயிற்சி இலக்குக்கும் பணம் ஒதுக்குங்கள். மரத்தில் ஏறுவதானால் முழு உடல் ஹார்னஸுக்கும் (கீழே விழாமல் காக்கும் பட்டை) சேர்த்து.

பழைய வில்லாகக் கிடைத்தால் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து வில்லின் இரண்டு கைகளிலும் (மேலும் கீழும் வளையும் பகுதிகள்) மேலிருந்து கீழாகத் தடவுங்கள். எங்காவது நூல் பிடித்தால் அங்கே இழை விட்டிருக்கிறது, அதை வாங்க வேண்டாம். கடையில் யார் வில்லைக் கையில் கொடுத்தாலும், அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுவிடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி அதை உடைத்துவிடும்.

இவை வேகமான வில்கள் இல்லை என்று யாராவது சொல்வார்கள். 20 கஜம் என்பது 60 அடி. நொடிக்கு 250 அடி போகும் அம்புக்கு 0.24 நொடி, 300 அடி போகும் அம்புக்கு 0.20 நொடி. நாணின் சத்தம் நொடிக்கு சுமார் 1100 அடி வேகத்தில் போகிறது. எந்த வில் வாங்கினாலும் மான் காதுக்குச் சத்தம்தான் முதலில் போகும். அதனால் வேகத்துக்குப் பணம் கொடுக்காமல், அமைதியான வில்லையும் கொஞ்சம் கனமான அம்பையும் தேர்ந்தெடுங்கள். 50 பவுண்டு, 27 அங்குலத்துக்கு அம்பின் ஸ்பைன் (விறைப்பு அளவு) 500 பக்கம் வரும், கடையில் அட்டவணை பார்த்து அம்பை வெட்டித் தரச் சொல்லுங்கள். அம்பின் மொத்த எடை 400 கிரெய்ன் (அம்பை நிறுக்கும் சிறிய எடை அலகு) அருகே இருந்தால் நல்லது. இந்த மாநிலத்தில்தான் 1934இல், கொலம்பியா, சாக் மாவட்டங்களில், நவீன காலத்தில் வில்லுக்கென்றே தனியான மான் சீசன் முதலில் திறந்தது. காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1969இல்தான். அன்று போனவர்கள் கையில் இருந்தது மர வில். அருகில் வரும்வரை காத்திருப்பதுதான் அவர்களுடைய வேகம்.

ஏரிக்கரை_மேடிசன் (ஆறு வாரம் கழித்து):

இடது கை வில் வாங்கிவிட்டேன். கடையில் 27 அங்குலத்துக்கு வைத்துத் தந்தார்கள். 40 பவுண்டில் தொடங்கி இப்போது 46. நாற்காலிச் சோதனையில் தேறுகிறேன். 20 கஜத்தில் ஆறு அங்குலக் காகிதத் தட்டில் பத்துக்கு எட்டு விழுகிறது. கையில் காயம் இல்லை. ப்ராட்ஹெட் எது வாங்க? விரியும் வகை பெரிய துளை போடும் என்கிறார் நண்பர்.

பனிக்காடு:

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது தம்பி. உங்கள் பாரத்துக்கு விரியாத வகையே வாங்குங்கள். விரியும் வகை பட்டவுடன் திறப்பதற்கே கொஞ்சம் விசையைத் தின்றுவிடும், உங்களிடம் அந்த விசை மிச்சம் இல்லை. சட்டப்படி அகலம் 7/8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பயிற்சி முனை விழுந்த இடத்திலேயே ப்ராட்ஹெட்டும் விழுகிறதா என்று ஆகஸ்டிலேயே எய்து பாருங்கள்.

பத்துக்கு எட்டு என்றால் 20 கஜம் இன்னும் உங்கள் தூரம் இல்லை. பத்துக்குப் பத்து விழுகிற தூரம்தான் உங்கள் தூரம். அது 15 கஜம் என்றால் 15 கஜம். மான் பக்கவாட்டாக நின்றால் மட்டும் எய்யுங்கள், முகத்தைக் காட்டி நின்றால் வில்லை இறக்கிவிடுங்கள். நல்ல இடத்தில் பட்டது என்று தெரிந்தாலும் அரை மணி நேரம் மேலேயே உட்கார்ந்திருங்கள்.

மினசோட்டா_அக்கா:

ஹார்னஸ் வாங்கியாகிவிட்டதா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை.

ஏரிக்கரை_மேடிசன்:

இன்னும் இல்லை அக்கா. இந்தச் சனிக்கிழமை வாங்கிவிடுகிறேன். வாங்கும்வரை தரையில் நின்றே எய்கிறேன்.