பொருள்: Re: கலைச்சொல் – செரிமான மாத்திரையா, கணைய ஈட்டு நொதியா?

//"செரிமான மாத்திரை" என்றே கையேட்டில் போடலாம், எல்லோருக்கும் புரியும்//

ஐயா, வணக்கம். புரியும்; ஆனால் தவறாகப் புரியும். வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ மருந்துக்கடையில் அப்படிக் கேட்டால், விருந்து உண்டு வயிறு மந்தமானவருக்குத் தரும் மாத்திரைதான் வரும். அதைச் சாப்பிட்ட பிறகு போடுவது வழக்கம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர் அப்படிச் செய்யக் கூடாது. அவருக்குக் கெட்டிப்பட்ட சுரப்பு கணையக் குழாய்களை அடைத்துவிடுவதால், கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் என்ற நொதி குடலுக்கு வந்து சேர்வதில்லை. அந்த நொதியை ஈடுசெய்யத் தரும் கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகள் சோற்றோடு கலந்தே இரைப்பையைத் தாண்ட வேண்டும். முதல் கவளத்தோடு ஒரு பங்கு, பாதிச் சாப்பாட்டில் மீதி என்று பிரித்துப் போடுவது நல்லது.

என் பரிந்துரை "கணைய ஈட்டு நொதி". இல்லாததை ஈடுசெய்வது என்பது பெயரிலேயே இருக்கிறது. அளவையும் பதிவில் சேர்க்க வேண்டும்: பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 500 முதல் 2,500 லைப்பேஸ் அலகு, ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 10,000 அலகைத் தாண்டக் கூடாது. 50 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 5,00,000 அலகு உச்சம். 1990களில் மிக அதிக அளவு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கியதால் வந்த வரம்பு இது. கொழுப்புக்கு ஏற்ப அளவு மாறும்: இரண்டு இட்லிக்குப் போதுமானது ஆம்பூர் பிரியாணிக்கோ ஆற்காடு மக்கன் பேடாவுக்கோ போதாது. பழத்துக்கும் பால் சேர்க்காத தேநீருக்கும் தேவையே இல்லை.

—

அம்மா, வணக்கம். "ஈட்டு" என்றதும் காப்பீட்டு இழப்பீடு நினைவுக்கு வருமோ என்று தயங்கினேன். உணவோடு சேர்த்து உண்பது என்ற பொருளில் "உடனுண் நொதி" என்று சொல்லவும் நினைத்தேன். அது பொருந்தாது. இதே நோய்க்குத் தரும் எலெக்ஸாகாஃப்டர், டெசாகாஃப்டர், ஐவாகாஃப்டர் சேர்ந்த கூட்டு மருந்தையும் கொழுப்புள்ள உணவோடுதான் விழுங்க வேண்டும். அங்கே கொழுப்பு மருந்து உடலில் சேர்வதற்கு உதவுகிறது. இங்கே நொதி கொழுப்பை உடைக்கிறது. ஆகவே "கணைய ஈட்டு நொதி"யே இருக்கட்டும். (காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் அந்தக் கூட்டு மருந்தின் அளவு இரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. நம் மாவட்டத்துக் கையேட்டில் இது கட்டாயம் வேண்டும்.)

குருணையின் மேலுறைக்கு "குடலில் கரையும் உறை" என்று நேராகவே எழுதலாம். அமிலத்தில் தாங்கும், கார அமிலக் குறியீடு (pH) 5.5ஐத் தாண்டினால் கரையும். கேப்சூலை விழுங்க முடியாதவர் திறந்து, குருணைகளை ஒரு கரண்டி புளிப்பான பழக்கூழில் கலந்து, மெல்லாமல் உடனே விழுங்கலாம். பாலிலோ பாயசத்திலோ கலந்து வைத்தால் உறை அங்கேயே கரைந்துவிடும். வாய் புண்ணாகும், மிச்ச நொதியை இரைப்பை அமிலம் அழித்துவிடும்.

கத்திரி வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்த கேப்சூலும் வீரியம் இழக்கும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் அளவைக் கூட்டுமுன் மருந்தை எங்கே வைத்திருந்தார், சாப்பாட்டில் எப்போது போட்டார் என்று கேட்க வேண்டும். பதிவின் கடைசி வரியாக இதையே சேர்த்துவிடுகிறேன்.