வெள்ளைப் புகையைக் கண்டவுடன் செய்தி போடலாமா?

உப்புவெளியான்:
திருகோணமலைச் செய்திப் பக்கம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். அடுத்த முறை பாப்பரசர் தெரிவு நடக்கேக்க, டிவியில புகை வெள்ளையாத் தெரிஞ்ச உடனே "முடிஞ்சுது" எண்டு போட்டால் பிழைக்குமோ? எத்தனை மணிக்குப் பார்த்திருக்க வேணும்? இறந்த பாப்பரசரின் நெற்றியில் வெள்ளிச் சுத்தியலால் தட்டுவார்கள் எண்டதையும் போடலாமோ?

மணிக்கூண்டு:
வெள்ளைப் புகை என்றால் பாப்பரசர் தெரிவாகிவிட்டார், கறுப்பு என்றால் இன்னும் இல்லை. ஆனால் புகையை மட்டும் நம்பிப் போடாதீங்கோ. 1958 ஒக்டோபர் 26 அன்று வெள்ளையாய்க் கிளம்பிய புகை பிறகு கறுத்தது. அதற்குள் வத்திக்கான் வானொலியே தெரிவு முடிந்ததாய் அறிவித்துவிட்டது. பாப்பரசர் 23ஆம் அருளப்பர் (யோவான்) தெரிவானது 28ஆம் திகதி.

இப்போது புகை எழுப்ப அடுப்பு இரண்டு. 1939இலிருந்து பாவிக்கும் வார்ப்பிரும்பு அடுப்பில் வாக்குச்சீட்டுகள் எரியும். மற்றதில் நிறப்புகைக்கான மருந்து. கறுப்புக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட்டு, அந்திரசீன், கந்தகம். வெள்ளைக்குப் பொட்டாசியம் குளோரேட்டு, லக்டோசு, பைன் பிசின். புகைபோக்கி ஒன்றுதான். வெள்ளை என்றால் புனித பேதுரு பேராலய மணியும் அடிக்கும். 2005இல் தொடங்கிய இந்த வழக்கம் அந்த முறையே சுணங்கித்தான் வந்தது, சனம் சாம்பல் நிறப் புகையைப் பார்த்தபடி தடுமாறியது. மணி கேட்கும் வரைக்கும் பொறுங்கோ.

பாலையூற்று:
நேரக்கணக்கு. முதல் நாள் பின்னேரம் ஒரே வாக்கெடுப்பு. அடுத்த நாளிலிருந்து காலை இரண்டு, பின்னேரம் இரண்டு. காலையின் முதலாவதில் ஒருவரும் தெரிவாகாவிட்டால் புகை வராது, இரண்டின் சீட்டுகளையும் சேர்த்துத்தான் எரிப்பார்கள். பின்னேரமும் அப்படியே. ஆகவே இரண்டு வாக்கெடுப்புக்கும் நடுவில் புகை வந்தால் அது வெள்ளையாய்த்தான் இருக்க முடியும். இதைத் தெரியாமல் நேரலையில் "இன்னும் புகை வரவில்லையே, ஏதோ சிக்கல்" என்று ஊகம் பேசுவார்கள்.

2025இல் புகைக்குச் சொல்லப்பட்ட உத்தேச நேரம் உரோமில் 10.30, 12, மாலை 5.30, 7. எங்களுக்குப் பிற்பகல் 2, 3.30, இரவு 9, 10.30. குளிர்காலம் என்றால் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்ட வேணும். முதல் நாளை நம்பேலாது: மே 7 கறுப்புப் புகை இங்கே நள்ளிரவு தாண்டி 12.30 அளவில்தான் வந்தது. மறுநாள் நான்காவது வாக்கெடுப்பில் வெள்ளை, இரவு 9.37. வாக்களித்தவர்கள் 133 கர்தினால்மார், தேவைப்பட்டது 89 வாக்கு.

மணிக்கூண்டு:
பெயரில்தான் கூடப் பிழை. புகைக்கும், பேராலய மாடத்தில் புதிய பாப்பரசரின் பெயரை அறிவிப்பதற்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போகும். 2013இல் அந்த அவசரத்தில் இத்தாலிய ஆயர் பேரவையே கர்தினால் ஸ்கோலாவுக்கு வாழ்த்து அனுப்பிவிட்டது, தெரிவானவரோ பெர்கோலியோ.

இலத்தீன் அறிவிப்பில் முதலில் ஞானஸ்நானப் பெயர், பிறகு குடும்பப் பெயர், கடைசியில்தான் பாப்பரசர் பெயர். 2025இல் தெரிவானவர் ரொபேர்ட் பிரான்சிஸ் பிரிவோஸ்ட், எடுத்த பெயர் 14ஆம் லியோ. முதலில் கேட்டது அவருடைய ஞானஸ்நானப் பெயர், "ரொபேர்த்தும் பிரான்சிஸ்கும்". அரைகுறையாய்க் கேட்டவர் "இரண்டாம் பிரான்சிஸ்" என்று போட்டிருந்தால் கதை முடிந்தது.

பாலையூற்று:
சுத்தியலை விட்டுவிடுங்கோ. 1996இன் தெரிவுச் சட்டத்தில் அது இல்லை. பாப்பரசரின் முத்திரை மோதிரமான மீனவர் மோதிரத்தைச் செல்லாததாக்குவது உண்டு, அதைப் போடலாம். பாப்பரசரை ஒன்றுக்குள் ஒன்றாய் மூன்று சவப்பெட்டியில் அடக்குவார்கள் என்ற கதையும் பழசு: 2024இல் திருத்திய முறைப்படி துத்தநாகம் பதித்த ஒரே மரப்பெட்டி.

உப்புவெளியான்:
நன்றி. லியோவைச் "சிங்கராயர்" எண்டு எழுதினால் விளங்குமோ?

பாலையூற்று:
வயதானவர்களுக்கு விளங்கும். தலைப்பில் 14ஆம் லியோ, உள்ளே ஒருக்கால் சிங்கராயர். எங்கட மறைமாவட்டம் 1893இல் உருவானது 13ஆம் லியோ காலத்தில், அந்த ஒரு வரியையும் சேருங்கோ.